கார்டு என்று கத்தாத நாள்

தேனியில் நான் வேலை பார்த்த பயிற்சிப் பள்ளியில் ஒரே ஒரு டெலிபோன் லைன்தான். அதை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒரு ஃபோன் முன்னறையில் என் மேஜை மேல் இருந்தது. இன்னொன்று கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பள்ளியை நடத்திய சாரின் மேஜை மேல். மூன்றாவது வயர் என் மேஜையின் ஓரமாக வந்து கார்டு தேய்க்கிற மெஷினுக்குள் போனது. அவர் பேசுவது எனக்குக் கேட்கும், நான் பேசுவது அவருக்குக் கேட்கும். அதில் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் மெஷின் பாங்க்கோடு பேசிக்கொண்டிருக்கிற நேரத்தில் யாராவது ஃபோனைத் தூக்கிவிட்டால் மெஷின் அப்படியே நின்றுவிடும்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் என்று நினைக்கிறேன். பள்ளி மாடியில் இருந்தது, கீழே உரக்கடை. யூரியா வாசனையிலேயே நர்சிங் உதவியாளர் படிப்பு, கேட்டரிங், கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுவது, தையல் எல்லாம் சொல்லிக்கொடுத்தோம். பெரியகுளத்திலிருந்து, ராயப்பன்பட்டியிலிருந்து, கம்பத்துக்கு அங்கிட்டு எல்லைப் பக்கத்திலிருந்தெல்லாம் பிள்ளைகள் வருவார்கள். பிளஸ் டூவில் மார்க் போதாதவர்கள் பாதி, மார்க் இருந்தும் பணம் போதாதவர்கள் பாதி. நான் இரண்டாவது ரகம். அதனால்தான் அந்த மேஜைக்கு வந்து சேர்ந்தேன்.

மெஷின் வந்த அன்றைக்கு சார் கதவுக் கண்ணாடியில் கார்டு படம் போட்ட ஸ்டிக்கரை அவர் கையாலேயே ஒட்டினார். பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களில் தேனியில் நாம்தான் முதல் என்று ஒரு மாசம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மதுரையிலிருந்து வந்து மாட்டிக்கொடுத்த பாங்க் ஆள் போகும்போது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனான். மாசம் இவ்வளவுக்குக் குறையாமல் கார்டில் பணம் வர வேண்டும், வராவிட்டால் மெஷினுக்கு வாடகை. அன்றிலிருந்து ஃபீஸ் கட்ட வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்க வேண்டியது, "கார்டு இருக்கா?"

தேய்த்து, தொகையை அழுத்தி, பச்சைப் பட்டனைத் தட்டினால் மெஷின் கிர்ரென்று நம்பர் போடும். முக்கால் நிமிஷம், ஒரு நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் பெற்றவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்புறம் காகிதம் வரும். கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

முதல் வாரத்திலேயே சார் இரண்டு தடவை நடுவில் ஃபோனைத் தூக்கி லைனை அறுத்துவிட்டார். இரண்டு தடவையும் மறுபடி தேய்த்தோம், சரியாகப் போய்விட்டது. பிறகு அவரே ஒரு வழி சொன்னார். பட்டனைத் தட்டுவதற்கு முன்னால் நான் "கார்டு!" என்று ஒரு சத்தம் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டால் அவர் ஃபோனைத் தொட மாட்டார். எனக்குச் சின்னத் தொண்டை இல்லை. மூன்று வகுப்புக்கும் கேட்கும். பிள்ளைகள் மாடிப்படியில் இறங்கும்போது என்னைப்போலவே "கார்டு!" என்று கத்தி விளையாடும். நானும் சிரித்துக்கொள்வேன்.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. அன்றைக்கு அது எனக்குக் கூச்சமாகப் படவில்லை. சேரும்போதே பிளஸ் டூ மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், மூன்றின் ஒரிஜினலையும் வாங்கி வைத்துக்கொள்வோம். கடைசித் தவணை கட்டி முடித்தால்தான் கையில் கொடுப்போம். எல்லா இடத்திலும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று சார் சொல்வார், உண்மையும் அதுதான். என் முதுகுக்குப் பின்னால் ஒரு பச்சை பீரோ. அதற்குள் இருநூறு முந்நூறு பிள்ளைகளின் ஒரிஜினல், பேர் வாரியாக. சாவி என் டிராயரில்.

அந்தப் பெண் மேகமலை எஸ்டேட்டிலிருந்து வந்தவள். நர்சிங் உதவியாளர் படிப்பு. அப்பா எஸ்டேட்டில் மழை நேரத்தில் பூச்சிமருந்து மூட்டையோடு சரிவில் இறங்கும்போது விழுந்து செத்துப்போனார். அவருடைய பி.எஃப். பணம் சின்னமனூரில் ஒரு பாங்க்கில் அம்மா பேரில் விழுந்தது. பாங்க்கில் ஒரு கார்டும் கொடுத்திருந்தார்கள். அந்த அம்மா அதை ரேஷன் கார்டின் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருப்பார். ஒவ்வொரு தவணைக்கும் மகளோடு வந்து, உறையோடு என்னிடம் நீட்டுவார். நான் உருவி எடுத்துத் தேய்ப்பேன். செத்துப்போன மனுஷனின் பணம் அது. தேய்க்கும்போது எனக்கு அது ஞாபகம் வரும், அடுத்த ஆள் வந்ததும் மறந்துவிடும்.

பெண் நல்ல கெட்டிக்காரி. ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை என்று வாத்தியாரம்மாவே தடுமாறும் கையில் ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். படிப்பு முடியும் முன்பே கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் ஒரிஜினலோடு போய்ச் சேர வேண்டும்.

அந்த வேலை அவர்களுக்கு எப்படிப்பட்டது என்று எனக்கு நன்றாகவே தெரியும். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அவர்கள் இருந்தது எஸ்டேட் வேலையாட்களுக்குக் கட்டிக்கொடுத்த லைன் வீடு. வீட்டில் ஒருத்தர் பேராவது வேலையாள் கணக்கில் இருந்தால்தான் அந்த வீடு. அம்மாவுக்கு முழங்கால் வீங்கி, சரிவில் ஏற முடியாமல் போய் நாலு மாசம் ஆகியிருந்தது. மாசக் கடைசிக்குள் மகள் பேரை எழுதிக் கொழுந்தெடுக்க அனுப்புங்கள், இல்லாவிட்டால் வீட்டைக் காலி பண்ணுங்கள் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். போன தவணை கட்ட வந்தபோது அந்த அம்மா என்னிடம் சொன்னது இது: "பேரு எழுதுனா அப்பறம் எறங்க முடியாது தாயி. எம் மக அந்தச் சரிவுல கூடை தூக்கக்கூடாது. கோயம்புத்தூரு வேலை கெடைச்சுட்டா வீட்டு சாவியக் குடுத்துட்டு நானும் அவகூடப் போயிருவேன்."

வெள்ளிக்கிழமை அந்தப் பெண் மலையிலிருந்து ஃபோன் பண்ணினாள். "மேடம், கடைசித் தவணைய சின்னமனூரு ஏடிஎம்ல எடுத்துக்கிட்டு வந்துரவா?" என்று கேட்டாள். "எதுக்கு, பஸ்ஸுல பணத்தை வச்சுக்கிட்டு? கார்டையே கொண்டா, இங்கன தேச்சுக்கிரலாம்" என்றேன். பஸ்ஸைப் பற்றிய கவலை ஒன்றும் எனக்குக் கிடையாது. அந்த மாசம் கார்டில் வந்தது குறைச்சல் என்று சார் காலையில்தான் முனகியிருந்தார்.

சனிக்கிழமை காலையில் போடியிலிருந்து ஒரு ஏலக்காய் வியாபாரி, மகனையும் அண்ணன் மகனையும் சேர்க்க வந்து சார் அறையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு அட்மிஷன் என்பதால் சாருக்கு வாயெல்லாம் பல். அப்போது இங்கே ஒருவர் ஃபீஸ் கட்ட வந்தார். நான் வழக்கம்போல "கார்டு!" என்றேன். சார் எழுந்து கதவைத் திறந்து, முன்னறையில் ஏழெட்டுப் பேர் நிற்க, சொன்னார்: "ஏம்மா, ஏலக்கா ஏலத்துலகூட இப்பிடிக் கத்தமாட்டாக. படிச்ச பொண்ணுதானே நீ? கொஞ்சம் பதவிசாப் பேசப் பழகு." வியாபாரி உள்ளேயிருந்து சிரித்தார். நின்றவர்களிலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

கத்தச் சொன்னதே அவர்தான். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. எங்கள் வீட்டில் என் கோபத்துக்கு ஒரு பேர் உண்டு, கல்லுளிமங்கி என்பார்கள். கோபம் வந்தால் சண்டை போட மாட்டேன், வாயை மூடிக்கொள்வேன். அன்றைக்கும் அப்படித்தான். சரி, இனிமேல் சத்தமே வராது, லைன் அறுந்தால் அறுந்து போகட்டும், இன்னொரு தடவை தேய்க்கச் சொல்லி அவரே வந்து கெஞ்சட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு மணி வாக்கில் அம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் கையில் ஒரு பெட்டி. தேனியிலிருந்தே அடுத்த நாள் கோயம்புத்தூர் பஸ் ஏறுவதாக ஏற்பாடு, ஒரு ராத்திரிக்கு அல்லிநகரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கல். அம்மா உறையை நீட்டினார். கார்டை உருவினேன், தேய்த்தேன், ஒன்பதாயிரம் அழுத்தினேன், பட்டனைத் தட்டினேன். வாயைத் திறக்கவில்லை.

மெஷின் கிர்ரென்றது. நான் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். சார் வியாபாரியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தபடி ஃபோன் பக்கம் கையை நீட்டினார். நான் பார்த்தேன். கை ஃபோனுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு வார்த்தை கத்த எனக்கு நேரம் இருந்தது. இன்றைக்கும் சொல்கிறேன், நேரம் இருந்தது. அவர் ஃபோனை எடுத்துக் காதில் வைத்தார். மெஷின் ஒரு முறை கீச்சிட்டு நின்றது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது.

அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து இரண்டாம் தடவை தேய்த்தேன். கார்டில் பணம் போதாது என்று வந்தது. மூன்றாம் தடவையும் அதுவே. பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார். அந்த அம்மா வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "பணம் இருக்கு தாயி. போன வாரந்தான் பாஸ்புக்குல போட்டுட்டு வந்தோம்" என்றார். மகள் கீழே ஓடினாள். எதிரே இருந்த ஏடிஎம்மில் சீட்டு எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க மேலே வந்தாள். முந்நூற்றுச் சொச்சம் என்று இருந்தது. ஒன்பதாயிரம் அங்கேயிருந்து கிளம்பிவிட்டது. எங்களிடம் வந்து சேரவில்லை.

முன்பு இரண்டு தடவை அறுந்தபோது இப்படி ஆகவில்லை. பணம் கிளம்பின பிறகு லைன் அறுந்தால் அது நடுவில் தொங்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மெஷினுக்குப் பின்னால் ஒட்டியிருந்த நம்பருக்குப் போட்டேன். இங்கிலீஷும் இந்தியுமாக அரை மணி நேரம் காக்க வைத்து ஒரு பெண் சொன்னாள், தானாகத் திரும்பிவிடும், இருபத்தோரு வேலை நாள் வரைக்கும் ஆகலாம். சின்னமனூர் பாங்க்கில் சனிக்கிழமை பன்னிரண்டரைக்கே கதவைச் சாத்தியிருப்பார்கள்.

சார் வெளியே வந்தார். வியாபாரி போயிருந்தார். "என்னம்மா ஆச்சு?" என்று என்னைக் கேட்டார்.

"லைன் கட் ஆயிருச்சு சார்."

"எக்ஸ்சேஞ்சுல ஏதாச்சும் வேலை பாக்குறாகளோ என்னமோ."

"இருக்கும் சார்" என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. கஞ்சன், பெருமைக்காரர், ஆனால் தன் கையால் ஒரு தப்பு நடந்தது என்று தெரிந்தால் இறங்கி வந்துவிடுவார். சம்பளத்தில் ஒரு தடவை தவறுதலாகப் பிடித்துவிட்டு, தெரிந்ததும் வீட்டுக்கே வந்து கொடுத்தவர். நீங்கள் ஃபோனை எடுத்ததால்தான் சார் என்று நான் சொல்லியிருந்தால், அந்த நிமிஷமே பீரோவைத் திற என்றிருப்பார். ஆனால் அடுத்து, நீ ஏன் சத்தம் கொடுக்கவில்லை என்றும் கேட்டிருப்பார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அந்தப் பதிலைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அந்த அம்மா சாரைக் கும்பிட்டார். "ரெண்டு நாளைக்கு மட்டும் குடுங்க சார். அங்கன காட்டிப்புட்டு நானே திருப்பிக் கொண்டாந்து குடுத்துர்றேன்."

"ஒங்களுக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் இதையே சொல்லுவாகம்மா. பணம் வரட்டும், அன்னைக்கே தந்துர்றேன். ஜெராக்ஸ் எடுத்துக்கங்க, நான் சீல் போட்டுத் தர்றேன். விவரத்தைச் சொன்னா ஆஸ்பத்திரியில கேட்டுக்கிருவாக."

பீரோ சாவி இருந்த டிராயர் என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. சார் மூன்று மணிக்குச் சாப்பிடப் போனார். அவர் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆகும். அம்மாவும் மகளும் அதுவரைக்கும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள், ஜெராக்ஸ் கடையில் கரண்டு வரக் காத்துக்கொண்டு. நான் பீரோவைத் திறந்து, மூன்று ஒரிஜினலையும் எடுத்து, ஜெராக்ஸ் எடுக்க அனுப்பி, திரும்ப வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினேன். அந்தப் பெண் கையில் ஒரு கால் மணி நேரம் அவளுடைய ஒரிஜினல் இருந்தது. அவளும் நேர்மையாகத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை சாயந்தரம் நாலு மணிக்கு ஃபோன் வந்தது. "மேடம், ஜெராக்ஸை ஏத்துக்கிடல. ஒரிஜினலைக் குடுத்தாத்தான் சேத்துக்கிருவாகளாம். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டயம் குடுத்திருக்காக. இன்னைக்கு ராத்திரி பஸ்ஸுல யார்கிட்டயாச்சும் குடுத்துவிட முடியுமா மேடம்?" பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அந்த ஆஸ்பத்திரியிலும் ஒரிஜினலை வாங்கி இரண்டு வருஷத்துக்குப் பூட்டி வைத்துக்கொள்வார்களாம், பிள்ளைகள் நடுவில் ஓடிவிடாமல் இருக்க. எங்கள் பீரோவிலிருந்து எடுத்து அவர்கள் பீரோவில் வைக்கத்தான் இத்தனை பாடு.

அவளை லைனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு சார் அறைக்குள் போனேன். விஷயத்தைச் சொன்னேன். பாங்க்கில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். இருபத்தோரு நாள் என்றேன். "அப்ப நாம என்னம்மா செய்யிறது?" என்றார். அது நிஜமாகவே என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி. அவர் முகத்தில் ஒரு தயக்கம் இருந்தது. நான் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் சாய்ந்துவிடக்கூடிய தயக்கம். சனிக்கிழமை சொல்லாததை இரண்டு நாள் கழித்துச் சொன்னால், இத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்று இன்னொரு கேள்வியும் சேர்ந்து வரும். "ஒண்ணும் செய்ய முடியாது சார்" என்றேன். வெளியே வந்து ஃபோனில் அந்தப் பெண்ணிடம், "சார் முடியாதுன்னுட்டாரும்மா" என்றேன். "சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டாள்.

பணம் மூன்றாவது வாரம் அவர்கள் கணக்குக்குத் திரும்பிவிட்டது. மெஷின் பேரில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. கொஞ்ச நாளில் சார் மெஷினுக்கென்று தனி லைன் வாங்கிவிட்டார். அதற்கு நான் எழுதிக்கொடுத்த விண்ணப்பத்தில் லைன் அடிக்கடி துண்டிக்கப்படுவதாகக் காரணம் போட்டேன். கத்துகிற வேலை எனக்கு மிச்சமானது. அப்புறம் ஒன்றரை வருஷம் அங்கே இருந்தேன், கல்யாணம் ஆகி விலகினேன். நான் நல்ல மாதிரி வேலை பார்த்தேன் என்று சார் எல்லோரிடமும் சொல்வாராம்.

தனி லைன் வருவதற்கு முன்னால், அந்த சனிக்கிழமை கழிந்து இரண்டு மாசம் இருக்கும், அந்த அம்மா மட்டும் தனியாக வந்தார். மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறி வந்தார். கைப்பையிலிருந்து கார்டு வரவில்லை. ஒன்பதாயிரத்தையும் பாங்க்கில் எடுத்து, பேப்பரில் சுற்றி, ரப்பர் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ரசீது போட்டேன். பீரோவைத் திறந்து மூன்று ஒரிஜினலையும் எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

"அவ வரலையாக்கா?"

"பேரு எழுதியாச்சு தாயி" என்றார். "மாசக் கடைசியில ஆபீசுலருந்து வந்து நின்னுட்டாக. வீட்டைக் காலி பண்ணிட்டு எங்கிட்டுப் போறது? அவளே போயி எழுதிட்டு வந்துட்டா. எனக்குத் தெரியாமத்தான் போனா." முழங்காலைத் தடவிக்கொண்டார். "கையெல்லாம் வெடிச்சுப் போச்சு. ஊசி போட்ட கை. போகப்போகப் பழகிருமுன்னு அவதான் எனக்குச் சொல்றா."

அந்த மூன்று காகிதங்களையும் ரேஷன் கார்டு உறைக்குள் வைக்கப் பார்த்தார். உறை சின்னது, மடங்கியது. நான் ஒரு பெரிய கவர் எடுத்துக் கொடுத்தேன். இனி அந்த மார்க் ஷீட்டை யாரிடம் காட்டப் போகிறார்கள் என்று தோன்றியது. எனக்கு அந்த அறையில் நிற்க முடியவில்லை. சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சார் உள்ளே இல்லை, முன்னறையில் வேறு யாரும் இல்லை, அந்த அம்மாவும் நானும் மட்டும்தான். இப்போது சொன்னால் என் வேலைக்குக்கூட ஒன்றும் ஆகாது. வாயைத் திறந்தேன் என்றுதான் ஞாபகம்.

அதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். முழங்கால் வலியில் மேஜையைப் பிடிப்பதற்குப் பதிலாகப் பிடிக்கிறார் என்று முதலில் நினைத்தேன்.

"அன்னைக்கு எங்க கார்டால ஒங்களுக்கும் சாருக்கும் ரொம்பச் செரமமாப் போச்சு தாயி. அத்தனை பேரு நிக்கிற எடத்துல மெஷினையே நிறுத்திப்புட்டோம். நமக்கு அதுல பழக்கமில்ல, உறையில வச்சுக் கசக்கிட்டேனோ என்னமோ. எம் மகளும் அதைத்தான் சொல்லித் திட்டுனா. மனசுல எதுவும் வச்சுக்கிடாதீக" என்றார்.

"பரவால்லக்கா" என்றேன்.